மூன்றாம் மாடியில் ஓர் இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. உன் இருமல் விட்டதா?

முதலில் சேதி. இடம் கிடைத்துவிட்டது! ஒன்றல்ல, இரண்டு. பிரிட்டனில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நான் போட்ட ஐந்து விண்ணப்பங்களில் மூன்று பேர் கைவிரித்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் வா என்கிறார்கள். இரண்டு இடத்திலும் உதவித்தொகை உண்டு. ஒன்று உன் ஊர், உன் பல்கலைக்கழகம், உன் துறை. ஏன், உன் பேராசிரியரேதான். இன்னொன்று மேற்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே துறை தொடங்கி நாலு வருஷம்தான் ஆகிறதாம், ஒரு அம்மாள் நடத்துகிறார். மே 31க்குள் ஏதாவது ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அப்பா, "அண்ணனைக் கேக்காம ஒரு கோடு கிழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கேட்டாயிற்று.

உன் போன கடிதத்தையும் அப்பா வழக்கம்போல பிளேடால் உறையைக் கீறி, சாப்பாடு முடிந்ததும் நின்றுகொண்டு சத்தமாக வாசித்தார். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "ஆய்வுக்கூடத்தில் வேலை அதிகம்" என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்தி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாசல் பலகையில் உன் பெயருக்கு முன்னால் அவர் எழுதிய 'டாக்டர்' வெயிலில் மங்கிவிட்டதாம், போன வாரம் தன் பலகை எழுதும் கடையிலிருந்து வர்ணம் கொண்டுவந்து மறுபடி எழுதினார். பலன், நேற்று ஒரு ஆள் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "டாக்டர் வெளிநாட்டுல இருக்காருங்க. அதுவும் தண்ணிக்குத்தான் வைத்தியம் பாப்பாரு" என்று அம்மா சொல்லி அனுப்பினாள்.

சீக்கிரம் எழுது. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை,
வாலு

பிப்ரவரி 27

அன்புள்ள வாலுவுக்கும், வாசிக்கும் அப்பாவுக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும்,

நலம். அம்மா வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்தக் கூடாது. எனக்கு இருமல் குறைந்துவிட்டது.

உனக்கு இடம் கிடைத்ததில் ரொம்பப் பெருமை. நான் சொல்வது, கடலோர ஊரையே எடுத்துக்கொள்.

இந்த ஊரில் குளிர் அதிகம். ஆய்வுக்கூடம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஜன்னல்களில் இடமிருந்து நாலாவது சரியாக மூடாது, அதன் கீழேதான் புது மாணவர்களுக்கு மேசை கொடுப்பார்கள். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. பேராசிரியர் அறையில் பச்சைக் கம்பளம், அதில் எப்போதும் ஈர வாடை. தேநீர்ப் பையைக் குப்பைத் தொட்டியில் போடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துக் கறையாக்கி வைத்திருப்பார்.

உனக்காகப் போன ஞாயிறு நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் அந்தக் கடலோர ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன். விடுதி அறை சின்னது, ஆனால் காலையில் வெயில் விழுகிறது. அங்கிருந்து துறைக்கு நடந்தே போகலாம், பதினோரு நிமிஷம். ஞாயிறாக இருந்தும் அந்த அம்மாள் வந்திருந்தார். ஒரு மாணவன் அவர் போட்ட கணக்கு தப்பு என்று வாதாடிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து போய்ப் பலகையில் தான் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அங்கேயே போ. எனக்கு இங்கே வேலை அதிகம், உன்னைக் கவனிக்க நேரம் இருக்காது.

அப்பா ஏணியில் ஏறும்போது கவனமாக இருக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை அப்பா வாசித்தபோது வீட்டில் ஒரே சிரிப்பு. பெரிய டாக்டர் தங்கைக்குப் படிப்பு பற்றி எழுதச் சொன்னால் ஜன்னல் மூடாது, கம்பளம் நாறுது என்று வீடு பெருக்க வந்தவர் மாதிரி எழுதியிருக்கிறாரே என்றார் கம்பவுண்டர். எனக்குச் சந்தேகம் வேறே. அங்கே எனக்கு ஒரு வெள்ளைக்கார அண்ணி இருக்கிறாளா? நான் வந்தால் குட்டு உடைந்துவிடுமே என்று கடலுக்குத் தள்ளப் பார்க்கிறாயா? இருந்தால் இருக்கட்டும், அம்மாவைச் சமாளிப்பது என் பொறுப்பு.

விளையாட்டு போகட்டும். குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது, ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டிக்கொள்வேன். நகராட்சித் தண்ணீர்க் கூடத்தில் மூன்று வருஷமாக ஓட்டைக் கூரைக்குக் கீழே வேலை பார்த்தவள் நான். குடிநீர்ப் பரிசோதனையில் உலகத்திலேயே பெரிய பெயர் உன் பேராசிரியர்தான். நீயே முன்பு பக்கம் பக்கமாக எழுதுவாய். இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தேநீர்ப் பையைப் பற்றி இருக்கிறது.

நான் அவருக்கு எழுதினேன். தன் கையாலேயே பதில் போட்டிருக்கிறார், எவ்வளவு அன்பு தெரியுமா! உன் தங்கை என்றும் எழுதியிருந்தேன். அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது.

உண்மையான காரணம் ஏதாவது இருந்தால் சொல்லு அண்ணா. இல்லாவிட்டால் நான் உன் ஊருக்குத்தான் வருவேன்.

உடம்பு பத்திரம்.

வாலு

ஏப்ரல் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆவல்.

உன் அலுவலக விலாசத்தை எழுது. பாடம் சம்பந்தமாகச் சில சின்ன விஷயங்கள் இருக்கின்றன. சபையில் வாசித்தால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அண்ணி யாரும் இல்லை.

அப்பா, அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணன்

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நமக்குப் புரியாதுன்னு நெனச்சுட்டான்" என்றார். பிறகு அவரே, "பெரிய படிப்புக்காரங்க பேசிக்கறது, நமக்கு எதுக்கு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பாவமாக இருந்தது.

மே மாதம் முழுக்க வேலையில்தான் இருப்பேன். மே 28க்குள் உன் கடிதம் வராவிட்டால் நானே முடிவு செய்துவிடுவேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

வாலு

மே 11

அன்புள்ள வாலுவுக்கு,

நலமா? இதை யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படி. எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இரண்டு வாரம் ஓடிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. பட்டம் வாங்கவே இல்லை.

மூன்றாம் வருஷம் நாற்பது கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்து அதில் கலந்திருக்கும் உலோகத்தை அளந்தேன். பேராசிரியர் பல வருஷமாகச் சொல்லிவரும் கணக்குக்கு முப்பத்தேழு ஒத்துவந்தது. மூன்று கிணறுகளில் மட்டும் விஷம் அதிகம். கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படவில்லை. "மறுபடியும் பாருங்கள்" என்றார். பார்த்தேன், அதே அளவுதான் வந்தது. மறுநாளும் "மறுபடியும் பாருங்கள்." பதினோரு நாள் இப்படி. மாற்று என்று ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரிடம் ஆய்வு நோட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும் தெரியுமா? நகராட்சிக் கூடத்திலேயே நீ பேனாவால்தானே எழுதுகிறாய்? அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மூன்று எண்களையும் ரப்பரால் அழித்துவிட்டு வேறு எழுதினேன். தோளில் தட்டிக்கொடுத்தார்.

கட்டுரை அவர் பெயரில் வந்தது. ஒரு வருஷம் கழித்து வேறொரு கூடம் அதே கிணறுகளைச் சோதித்து, மூன்றில் விஷம் என்று சொல்லிவிட்டது. விசாரணை வந்தபோது அவர் என் நோட்டை விரித்து, அழித்த தடத்தைக் காட்டி, "இது யார் கை?" என்று கேட்டார். என் கைதான். அன்றோடு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வருஷமும் மூன்று கிணற்றிலும் ஜனங்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைக்காத நாள் இல்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் வீட்டுக்குச் சொல்வதற்குள் அப்பா பலகை எழுதி மாட்டிவிட்டார். அதன் படத்தை எனக்கு அனுப்பினார் பார், அதற்குப் பிறகு ஊருக்கு எப்படித் திரும்பி வருவது? ஒரு துப்புரவுக் கம்பெனியில் சேர்ந்தேன். அவர்கள் என்னை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா, அதே கட்டடத்துக்கு. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை மூன்று மாடியும் என் வேலை. கம்பவுண்டர் சொன்னது சரிதான்.

அதனால்தான் எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு ஒரு பையன் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது இருக்கும் பெண் ஏழு மணிக்கே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். நான் அந்தப் படியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துடைப்பேன். அவர் சில நாள் சீக்கிரம் வருவார். நான் துடைத்துக்கொண்டே மேசைக்கடியில் போனால் படிப்பதை நிறுத்தாமல் காலை மட்டும் தூக்கிக்கொள்வார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்ததில்லை.

நீ என்னைவிடக் கெட்டிக்காரி, தைரியசாலி. அதெல்லாம் அவரிடம் உதவாது. கடலோர ஊருக்குக் கையெழுத்துப் போடு. வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதே, நேரம் பார்த்து நானே சொல்கிறேன்.

உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

அண்ணன்

ஜூன் 3

மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நலம். அம்மாவின் கால் பரவாயில்லை.

உன் கடிதம் வந்தது. என் கைக்கு வந்தது. மருத்துவச் சோதனைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலைய வேண்டியிருந்ததால் உன் தங்கை மே நடுவிலேயே வேலையை விட்டுவிட்டாள். வெளிநாட்டுக் கடிதம் என்றால் அப்பாதான் பிரிப்பார் என்று அவள் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த மரியாதைக்கு அவர்கள் பியூன் வெயிலில் சைக்கிள் மிதித்துக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவர் எதிரிலேயே பிரித்தேன். "சார் சுகமா இருக்காரா?" என்று கேட்டார். சுகம் என்றேன்.

வாய்விட்டு வாசிக்காமல் நான் படித்த கடிதம் இது ஒன்றுதான். அவளிடம் கொடுக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

நான் முப்பது வருஷமாகப் பலகை எழுதுகிறேன். ஒரு எழுத்து கோணிப்போனால் பலகையைத் தூக்கி எறிவதில்லை. அந்த எழுத்தை அதே இடத்தில் திருத்தி எழுதுவேன். நீ கோணிப்போனாய். என் மகள் அதே இடத்தில் நேராக எழுதுவாள். நீ விட்ட பெயரை அவள் அந்த ஆள் கையிலிருந்தே வாங்கி வரட்டும். உன் ஊருக்குத்தான் கையெழுத்துப் போட்டாள், 29ஆம் தேதி நானே தபாலில் சேர்த்தேன்.

இனி அவள் மனதைக் கலைத்து எதுவும் எழுதாதே. எழுதினாலும் என் கைக்குத்தான் வரும். அந்த மூன்று கிணற்றை நினைத்து எனக்கும் தூக்கம் வரவில்லை.

குளிரில் தலையை மூடிக்கொள்.

அப்பா

ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலம்தானா என்றுகூடத் தெரியவில்லை.

பாடம் பற்றி எழுதுகிறேன் என்றாயே, எழுதவே இல்லை. நான் வேலையை விட்ட பிறகும் இரண்டு தடவை ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். பியூன் தலையைச் சொறிந்துகொண்டு, அப்பாவைக் கேளும்மா என்றார். அப்பாவைக் கேட்டேன். "எனக்குத் தனியா எழுதிட்டான். அவனுக்குச் சம்மதம்தான், வரச் சொல்லிட்டான்" என்றார். காட்டுங்கள் என்றேன். எங்கேயோ வைத்துவிட்டாராம். தனக்கு வந்த கடிதத்தை அப்பா தொலைத்தது இதுதான் முதல் தடவை. இருந்தாலும், சம்மதம் என்று என்னிடம் நேராக எழுதக் கூடாதா? அதுதான் வருத்தம்.

செப்டம்பர் 19 காலை பத்து மணிக்கு இறங்குகிறேன். நீ வருவாய் இல்லையா? எனக்கு அங்கே வேறு யாரையும் தெரியாது.

அம்மா உனக்கு இரண்டு சட்டை வாங்கி வைத்திருக்கிறாள், அளவு பழையதுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

நவம்பர் 6

அண்ணாவுக்கு,

நலம். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. நேரில் என்றால் நீ கண் கலங்குவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன்.

விமான நிலையத்தில் உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய சட்டை பிறகு உன் தோளில் தொளதொளவென்று தொங்கியது. பஸ்ஸில் நீ சொன்னதையெல்லாம் கேட்டு மூன்று நாள் அழுதேன். அப்பா அந்தக் கடிதத்தை மறைத்ததற்கு அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனது வரவில்லை. நீ சொன்னபடி கடலோர அம்மாளுக்கும் எழுதிப் பார்த்தேன். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது, வருந்துகிறேன் என்று பதில் வந்துவிட்டது.

வந்தாயிற்று. படிக்கத்தானே வேண்டும்? அவர் என்னிடம் நல்லபடியாகத்தான் நடந்துகொள்கிறார். கோபப்படாதே, ஒன்று சொல்கிறேன். மாற்று என்று அவர் சொல்லவில்லை என்று நீயேதான் சொன்னாய். மாற்றியது நீ. நான் மாற்ற மாட்டேன் அண்ணா. அவ்வளவுதான் விஷயம்.

கட்டடத்தில் என்னைப் பார்த்தால் பேசாதே. நான் ஒன்பதரைக்குத்தான் வருகிறேன், அதற்குள் நீ முடித்துவிடுவாய். வெட்கப்படுகிறேன் என்று நினைக்காதே. உன் தங்கை என்று நான் எழுதியதை அவர் மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும், அதற்காகத்தான். ஞாயிறுதோறும் உன் அறைக்கு வருகிறேன், சமைத்துச் சாப்பிடுவோம். வீட்டுக்கு, அண்ணன் வேலையில் மும்முரம் என்று எழுதிவிட்டேன்.

இருமலுக்கு மருந்து வாங்கு.

வாலு

மார்ச் 9

அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்துக்கு ஒன்பது மாதமாக நான் பதில் எழுதவில்லை. இப்போது ஒன்றே ஒன்று கேட்க எழுதுகிறேன். அவளைத் திரும்பி வரச் சொல்லுங்கள். என் பேச்சு எடுபடாது, நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்.

டிசம்பர் வரை ஞாயிறுதோறும் வந்தாள். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஜனவரியிலிருந்து வரவே இல்லை. வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனியில் கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். ஆகவே அவள் மேசைக்கடியில் இருக்கும் குப்பைத் தொட்டியை நான்தான் தினமும் காலி செய்கிறேன். வரைபடத் தாள் கிழித்துக் கிழித்துப் போட்டிருக்கிறாள். ஒட்டிவைத்துப் பார்த்தேன். தினமும் ஒரே படம். சில புள்ளிகள் அவர் கணக்குப்படி போகும் கோட்டிலிருந்து எட்ட நிற்கின்றன. நாலு வாரமாக இருபது தாளுக்கு மேல் பார்த்துவிட்டேன், ஒரு புள்ளியும் நகரவில்லை. உங்கள் மகள் என்னைவிட இரண்டு மடங்கு நாள் தாக்குப்பிடித்தாள். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன செவ்வாய் காலை எட்டு மணி. வாளியோடு பேராசிரியர் அறைக்குள் போனேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். ஒன்பதரைக்கு வருகிறவள் எட்டு மணிக்கு அங்கே இருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. நோட்டு விரித்திருந்தது. அவர் ரொம்ப மெதுவாக, அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் துடைத்துக்கொண்டே மேசைக்கடியில் போனேன், அவர் காலைத் தூக்கிக்கொண்டார். நிமிர்ந்தபோது இவள் ரப்பரை எடுத்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை அப்பா. நம் பேச்சிலேயே சொன்னேன், "வேண்டாம் வாலு. அழிக்காதம்மா. எழுந்து வா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். நாலு வருஷம் அவர் எதிரில் உட்கார்ந்து படித்தவன் நான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவளிடம் திரும்பி, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, சொல்லிவிடுவானோ என்று என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு அவரிடம், "தெரியாது" என்றாள்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

அம்மாவை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்